தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன். எட்டுப் பற்களுக்கு கேப் போடத்தான் வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

திருச்சியிலிருந்து எழுதும் வாசகிக்கு வயது 38. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. இரவில் அவர் பல்லை நறநறவெனக் கடிப்பதாக ஒன்றரை ஆண்டாகக் கணவர் சொல்லிவருகிறார். ‘ஜல்லி அரைக்கிற சத்தம்’ என்பது கணவரின் வார்த்தை. காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடக்கிறது. நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கின்றன. அலுவலகம் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வலி விடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஓரம் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு முன் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்த பல் அது. பணம் இல்லாததால் அப்போது கேப், அதாவது பல்லின் மேல் ஒட்டும் உறை, போடாமல் தள்ளிப்போட்டிருக்கிறார்.

முதலில் பார்த்த பல் மருத்துவர், “உங்கள் கடி சரியில்லை, பற்களைத் தேய்த்துச் சமன்படுத்தி எட்டுப் பற்களுக்கு கேப் போட்டால் கடிப்பது நின்றுவிடும்” என்றாராம். இன்னொருவர் கன்னத்தில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்றாராம். இரண்டுக்கும் பயந்து, வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கும் ரப்பர் கார்டு (இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு) ஒன்றை இணையத்தில் வாங்கியிருக்கிறார். மூன்று வாரத்தில் தாடை வலி கூடியதுதான் மிச்சம். கார்டு பாதி நாள் தலையணையில் கிடக்கிறது. தந்தை இறந்தபின் ஏற்பட்ட பதற்றத்துக்காக மனநல மருத்துவர் எழுதித்தந்த எஸ்சிடலோபிராம் மாத்திரையைப் பத்து மாதமாகச் சாப்பிடுகிறார். அதனால்தான் பல் கடிப்பு என்று எங்கோ படித்துவிட்டு ஒரு வாரம் தானாகவே நிறுத்த, தலைச்சுற்றல் வந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். வயிற்றில் பூச்சி என்று மாமியார் சொன்னதால் பூச்சி மாத்திரையும் இரண்டு முறை ஆகிவிட்டது. ஏழு வயது மகனும் தூக்கத்தில் பல் கடிக்கிறான். மாத்திரையை விட்டுவிடலாமா, எட்டு கேப் வேண்டுமா, கார்டு என்றால் ஆயுள் முழுக்கவா, மகனை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் பல்லைப் பற்றியது. ஆனால் என் கண் நின்றது வேறொரு வரியில். “குறட்டையும் விடுகிறேனாம், நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதாம், அது கிடக்கட்டும்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, இந்த ஆண்டு எடை 9 கிலோ கூடிவிட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள் என்றும் இருக்கிறது. மதியம் கணக்குப் பார்க்கும்போது கண் சொருகுகிறது என்பதற்கு வேலைப்பளுவைக் காரணம் சொல்கிறீர்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால், பல்லுக்கு முன்பாக உங்கள் தூக்கத்தைத்தான் ஒருவர் சோதித்தாக வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உங்களுக்கு இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லிவிட முடியாது. இருக்கிறதா என்று பார்க்காமல் வேறு பெரிய சிகிச்சை எதையும் தொடங்கக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க நாம் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லை. நமக்கே தெரியாமல் சில நொடிகள் மேலே வந்து மறுபடி உள்ளே போகிறோம். பல் கடிப்பு பெரும்பாலும் ஆழம் குறைந்த தூக்கத்தில், இப்படி மேலே வரும் அந்தக் கணங்களில்தான் நடக்கிறது. தூக்க ஆய்வகத்தில் பதிவு செய்து பார்த்தால் ஒரு வரிசை தெரியும்: மூளை அலையில் மாற்றம், இதயத் துடிப்பு கூடுதல், அதன் பிறகே தாடைத் தசையின் இறுக்கம், கடைசியில் அந்தச் சத்தம். அதாவது உத்தரவு மேலிருந்து வருகிறது. பல் அதன் கடைசிக் கண்ணி. மூச்சுத் தடை, குறட்டை, நெஞ்செரிச்சல், இரவு நேரத்து காபி, மது, புகை, மனப் பதற்றம் என்று தூக்கத்தைக் கலைக்கும் எதுவும் இந்தக் கணங்களைக் கூட்டிவிடலாம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் சகஜம்.

வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர் தூக்கத்தில் பல் கடிக்கிறவர்கள். எனவே வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. 2013-ல் இதற்கு வரையறை தந்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2018-ல் அதைத் திருத்தி, மற்றபடி நலமாக இருப்பவருக்கு இதைத் தனியொரு நோய் என்றே சொல்ல வேண்டியதில்லை, தாடைத் தசையின் ஒரு செயல்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம் என வரையறுத்தது. கடிக்கிற எல்லோருக்கும் பல் கெடுவதில்லை. பலருக்கு வலியே வருவதில்லை. உங்களுக்குப் பல்லும் உடைந்திருக்கிறது, வலியும் இருக்கிறது. அதனால் கவனிக்க வேண்டும். பீதி வேண்டாம்.

முதலில் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். கணவரைக் கூடவே அழைத்துப்போவது நல்லது, மூச்சு நிற்பதைப் பார்த்த ஒரே சாட்சி அவர்தான். முடிந்தால் ஓர் இரவு அவர் தன் செல்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து எடுத்துவரட்டும். தேவைப்பட்டால் ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை எழுதித் தருவார்கள். சில இடங்களில் வீட்டிலேயே கருவியைப் பொருத்திக்கொண்டு தூங்கும் வசதியும் உண்டு. மூச்சுத் தடை உறுதியானால் அதற்கான சிகிச்சையிலேயே சிலருக்குப் பல் கடிப்பும் கணிசமாகக் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது. மூச்சுத் தடை உள்ள சிலருக்கு மேல்தாடையில் போடும் சாதாரண கார்டு அந்தத் தடையைக் கூட்டிவிடலாம். அவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னால் தள்ளி நிறுத்தும் வேறு வகைக் கருவி பொருந்தலாம். மூச்சுக்கும் பல்லுக்கும் சேர்த்து அது உதவலாம். எந்தக் கருவி என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

நீங்கள் படித்தது பொய்யில்லை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பைத் தொடங்கிவைக்கின்றன, அல்லது இருப்பதை அதிகப்படுத்துகின்றன. வழக்கமாக மாத்திரை ஆரம்பித்த, அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் அது தெரியவரும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சத்தம் ஒன்றரை ஆண்டாக. மாத்திரை பத்து மாதமாக. மாத்திரைக்கு முன்பே கடித்திருக்கிறீர்கள். அது காரணத்தில் ஒரு பங்காக இருக்கலாம், முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது.

திடீரென நிறுத்தியபோது வந்த தலைச்சுற்றல் எதிர்பார்க்கக்கூடியதுதான். சிலருக்கு மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அடங்கியிருந்த பதற்றம் திரும்பினால் அதுவே தாடையை இன்னும் இறுக்கும். மனநல மருத்துவரிடம் போய், “மாத்திரைக்கு முன்பே பல் கடிப்பு இருந்தது, இப்போதும் நிற்கவில்லை, பல் ஒன்று உடைந்துவிட்டது” என்று அப்படியே சொல்லுங்கள். அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, கூட இன்னொன்றைச் சேர்ப்பது என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன. அந்த முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். ஒரு வாரம் விட்டுவிட்ட விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; பெரும்பாலான மருத்துவர்களுக்கு இது பழக்கமான செய்திதான்.

தூக்க மாத்திரை வகைகளைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பதுண்டு. பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை அவை, மூச்சுத் தடை இருந்தால் கூடுதல் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எட்டு கேப் கணக்கு

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாததால்தான் பல்லைக் கடிக்கிறார்கள் என்ற கருத்து கடந்த நூற்றாண்டின் நடுவில் பல் மருத்துவத்தில் வலுவாக இருந்தது. பற்களைத் தேய்த்துச் சமன்படுத்தும் வழக்கம் அதிலிருந்து வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. கோணல்மாணலான பற்களோடு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. கிளிப் போட்டு அழகாக வரிசைப்படுத்திய பற்களோடு இரவெல்லாம் கடிக்கிறவர்களும் உண்டு. கடியைத் திருத்தினால் கடிப்பது நிற்கும் என்று இன்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த உறுதிக்கு ஆதாரம் இல்லை.

தேய்த்த பல் திரும்ப வளராது. ஒரு பல்லுக்கு கேப் போட அதைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி எடுக்க வேண்டும். நலமாக இருக்கிற ஏழு பற்களை அப்படிச் சீவுவது, நாளைக்குக் கூச்சத்துக்கும் வேர் சிகிச்சைக்கும் நாமே கதவைத் திறந்துவைப்பது. கேப் போட்ட பிறகும் நீங்கள் கடிக்கத்தான் போகிறீர்கள். அப்போது உடைவது கேப்பாக இருக்கும். பற்கள் பாதி உயரம் தேய்ந்து, உள்ளே மஞ்சள் நிறப் பகுதி வெளியே தெரிந்து, சாப்பிடவே முடியாத நிலை என்றால் பல பற்களுக்கு கேப் போடும் பேச்சு நியாயமானது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று செல்பேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, மேல் கோரைப் பல்லின் நுனியைக் கவனியுங்கள். கூராக இருக்க வேண்டியது தட்டையாகி, அந்தத் தட்டையான இடம் மட்டும் பளபளக்கிறதா? தாடையை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கீழ்ப் பல்லில் இதே போன்ற பளபளப்பான தட்டை வந்து இதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தால், அவை இரண்டும் ஒன்றையொன்று தேய்த்தவை. தேய்மானம் எனாமலோடு நிற்கிறதா, நடுவில் மஞ்சளாகக் குழி விழுந்திருக்கிறதா என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். அது எப்போது ஏற்பட்டது என்பதை மட்டும் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். கல்லூரிக் காலத்தில் கடித்ததன் தடயமாகவும் இருக்கலாம். அதனால் இன்று பல்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

உடனே கவனிக்க வேண்டிய பல் ஒன்றே ஒன்று: இட்லியோடு பெயர்ந்து வந்ததே, அது. இட்லி எந்தப் பல்லையும் உடைக்காது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடைந்து எடுக்கப்பட்டு, சுவர்கள் மட்டும் நிற்கிற பல். ஐந்து ஆண்டு மென்றதிலும் இரவுக் கடியிலும் அதில் கீறல் விழுந்து வளர்ந்துகொண்டே இருந்திருக்கும், உடைந்தது தெரிந்த நாள் மட்டும் அன்றைக்கு. வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்படுவதாக 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பணம் இல்லாமல் தள்ளிப்போட்டதை நான் குறை சொல்லவில்லை. இப்போது இருக்கிற பணத்தை இந்த ஒரு பல்லுக்குச் செலவிடுங்கள் என்கிறேன். எக்ஸ்ரே எடுத்து, கீறல் ஈறுக்குக் கீழே வேர் வரை போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். போயிருந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழி குறைவு. போகவில்லை என்றால் உள்ளே கட்டி நிமிர்த்தி கேப் போடலாம். கடிக்கிற பழக்கம் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, உலோக கேப் அல்லது முழுக்க ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பொருளால் மட்டுமே ஆன கேப் கேளுங்கள். மேலே பீங்கான் பூச்சு ஏற்றிய அழகான வகை உங்களுக்குத் தாங்காது. பின்பல்லில் அழகை யார் பார்க்கப் போகிறார்கள்?

எட்டுப் பற்களையும் செய்தாக வேண்டும் என்று சொன்னவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக என்ன காரணம், செய்யாவிட்டால் ஓர் ஆண்டில் என்ன ஆகும், சீவாமல் செய்யக்கூடிய மாற்று உண்டா? காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எடுத்த எக்ஸ்ரேயின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்பதை நல்ல மருத்துவர் யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே புராஸ்தடான்டிக்ஸ் துறையில், அதாவது செயற்கைப் பல், கேப், கார்டு எல்லாம் பார்க்கிற பிரிவில் காட்டலாம். ஒரு நாள் விடுப்பு போகும். எட்டு கேப்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

போடாக்ஸ் பற்றிச் சுருக்கமாக: ஊசி கன்னத் தசையின் பலத்தைக் குறைக்கும், மூளையிலிருந்து வரும் உத்தரவை நிறுத்தாது. மூன்று நான்கு மாதத்தில் பலன் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும், செலவும் மறுபடி. மற்ற எல்லாம் செய்தும் தசைவலி அடங்காதவர்களுக்கு அது ஒரு வழி. உங்கள் முறை இன்னும் வரவில்லை.

கார்டு எதற்கு, எப்படி

கார்டு பல் கடிப்பை நிறுத்தும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கடிக்கிறதைக் கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். தேய்வது பல்லாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்கும். அதுதான் அதன் வேலை. காலை வலி பலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது.

நீங்கள் வாங்கிய ரப்பர் கார்டு வலியைக் கூட்டியதில் வியப்பில்லை. மெத்தென்ற பொருள் வாயில் இருந்தால் சிலருக்குத் தசை அதை மெல்லத் தொடங்கிவிடுகிறது. வெந்நீரில் மிருதுவாக்கி நாமே கடித்துப் பதிய வைக்கும்போது ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் உட்காரும். தளர்ந்து கழன்று வருவது வேறு. தூக்கத்தில் தொண்டைக்குப் போய்விட்டால் ஆபத்து. அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது, உங்கள் பற்களின் அச்சை எடுத்துச் செய்யும் கடினமான அக்ரிலிக் கார்டு. ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் அது மூட வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய வகையை மாதக்கணக்கில் போட்டால் மூடாத பின்பற்கள் மெல்ல எழுந்து கடியே மாறிவிடும். கார்டை வாங்கும் நாளில் மருத்துவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நீல நிறத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வார். கார்டை வெளியே எடுத்தால் மேலே நீலப் புள்ளிகள் தெரியும். ஒரு பக்கம் பெரிய திட்டும் மறுபக்கம் வெறுமையும் இருந்தால் திட்டுள்ள இடத்தைத் தேய்த்து, மறுபடி தாள் வைத்து, இரண்டு பக்கமும் புள்ளிகள் ஒரே அளவில் விழும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லிப் பார்ப்பார். பொறுமை தேவைப்படும் வேலை. கார்டைக் கையில் கொடுத்து, “போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்” என்று அனுப்பினால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள், அதையும் தவறவிட வேண்டாம். உடைந்த பல்லுக்கு கேப் போட்ட பிறகே அச்சு எடுக்க வேண்டும். முன்பே செய்தால் கார்டு பொருந்தாமல் பணம் வீண்.

ஆயுள் முழுக்கவா என்றால், அப்படி விதி எதுவும் இல்லை. பல் கடிப்பு ஏறி இறங்கி வரும் விஷயம். பல மாதம் ஒன்றும் இல்லாமல், மார்ச் கணக்கு முடிக்கும் நேரத்தில் திரும்ப வரும். காரணங்கள் அடங்கியபின் மருத்துவரைக் கேட்டு விட்டுவிட்டுப் போடலாம். சில ஆண்டுகளில் கார்டே தேய்ந்து ஓட்டை விழும். குளிர்ந்த நீரில் சோப்பும் பிரஷும் கொண்டு கழுவுங்கள், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். டப்பாவில் வையுங்கள். தாளில் சுற்றி வைத்தால் வீட்டில் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். நாய் வளர்ப்பவர் வீட்டில் நாய் முந்திக்கொள்ளும்.

பகலில் நடப்பது

கடிதத்தில் இன்னொரு வரி: “கணக்கு இடிக்கும்போது தாடை இறுகியிருப்பதைச் சில சமயம் உணர்கிறேன்.” இரவில் நடப்பது உங்கள் கையில் இல்லை, பகலில் நடப்பது இருக்கிறது. காலை வலியில் எவ்வளவு இரவினுடையது, எவ்வளவு முந்தைய நாளின் மிச்சம் என்று பிரிப்பது கஷ்டம். நாள் முழுவதும் மெல்வது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் மேல் கீழ்ப் பற்கள் தொடும் நேரம் 20 நிமிட அளவில்தான் என்பது பல் மருத்துவத்தில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற நேரமெல்லாம் உதடு மூடி, பற்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியோடு, நாக்கு மேலண்ணத்தில் மெல்லத் தங்கியிருக்க வேண்டும். வாயை மூடினால் பல்லும் சேர்ந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

காதுக்குச் சற்று முன்னால் கன்னத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் கட்டியாக எழும்புகிறதே, அதுதான் உழைக்கிற தசை. கணினித் திரையின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் ‘ந்’ என்று சொல்வதுபோல நாக்கை மேலே வைத்துத் தாடையைத் தளரவிடுங்கள். ஒரு வாரத்தில் பொட்டு கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும். அப்போது இடத்தையோ நிறத்தையோ மாற்றுங்கள். பேனா மூடி, நகம், நூல் கடிப்பது, சூயிங்கம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வலி அதிகமான நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, விரல் நுனியால் வட்டமாக நீவுங்கள். முறுக்கு, சீடை, கரும்பு ஆகியவற்றுக்கு அந்த வாரம் விடுமுறை. கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுத்து, வாய் முழுதாகப் பிளக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்கு காபி குடித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணி காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல் கூச்சத்துக்கு உப்பும் கரிப்பொடியும் வைத்துத் தேய்ப்பதாகச் சொல்வதையும் விடுங்கள், ஏற்கெனவே தேய்ந்த எனாமலை அது மேலும் அரித்துவிடும். கூச்சத்துக்கான ஃபுளூரைடு பற்பசையும் மென்மையான பிரஷும் போதும். நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே வரும் அமிலம் தூக்கத்தையும் கெடுக்கும், பல்லையும் கரைக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டாலோ, இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை என்றாலோ அன்றே பல் மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடையில் வலி வந்து, வியர்வை, மூச்சிரைப்பு, மார்பில் இறுக்கம் சேர்ந்தால் அதைப் பல் கடிப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதய வலி தாடையில் தெரிவதுண்டு. 108-ஐ அழையுங்கள்.

மகனைப் பற்றி

உங்களைவிட அவன் நிலைமை எளிது. குழந்தைகளிடம் பல் கடிப்பு பெரியவர்களைவிட அதிகம், பெரும்பாலும் வளர வளரத் தானாகக் குறைந்துவிடும். ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் அவனுக்கு கார்டு போடுவது தாடையின் வளர்ச்சிக்கும் பல் முளைப்பதற்கும் இடைஞ்சல், அதனால் வேண்டாம். தேய்ந்த பால்பல்லைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அது எப்படியும் விழப்போகிற பல். தூங்கும்போது வாயைத் திறந்தே வைத்திருக்கிறானா, குறட்டை விடுகிறானா, அடிக்கடி சளி, தொண்டை வலி என்று வருகிறதா, பகலில் சோர்வாகவோ அடங்காமலோ இருக்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கம் உண்டா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்காக எப்படியும் போகப் போகிறீர்கள், அதே நாளில் அவனையும் கூட்டிச் செல்லலாம். பள்ளியில் புதிதாக ஏதாவது தொல்லையா, யாராவது மிரட்டுகிறார்களா என்று, பாடத்தைப் பற்றிக் கேட்காத ஒரு நேரத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப்பாருங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள்.

மாமியார் சொன்ன பூச்சிக் கதை தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகின் பல பக்கங்களில் பாட்டிமார்கள் சொல்வதுதான். பூச்சி இருந்தால் குழந்தையின் தூக்கம் கெடலாம் என்ற அளவில் அவர் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பல் கடிப்பதை வைத்துப் பூச்சி இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, பூச்சி மாத்திரையால் பல் கடிப்பு நிற்கும் என்று நம்புவதற்கும் இல்லை. தேசிய குடற்புழு நீக்க நாளையொட்டி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை அவன் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும். அது அவன் வளர்ச்சிக்கும் இரத்தத்துக்கும் வேண்டியது. மாமியாரிடமும் அதையே சொல்லுங்கள்: பூச்சி மாத்திரை கொடுத்தாகிவிட்டது, இனி தொண்டையைக் காட்ட வேண்டும் என்று. நீங்கள் மூன்றாவது முறை விழுங்க வேண்டாம்.